கொழும்பில் நல்ல விடுதி தேடும் திருகோணமலைக் குடும்பங்கள் கேட்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாடசாலை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் கொழும்பு நட்சத்திர விடுதிகளின் விளம்பரங்கள் தமிழ்ப் பத்திரிகைகளில் பெரிய அளவில் வெளிவருகின்றன. நீல நிற நீச்சல் தடாகம், வெள்ளை விரிப்பிட்ட கட்டில், இத்தனை வீதம் கழிவு என்ற கொட்டை எழுத்து ஆகிய மூன்றும் அவற்றில் தவறாமல் இருக்கும். விடுதி எந்த வீதியில் இருக்கிறது, அறை எத்தனை சதுர மீற்றர், வரிகளெல்லாம் சேர்ந்தபின் கையிலிருந்து போகும் தொகை எவ்வளவு என்ற விவரங்களை அவற்றில் காண முடிவதில்லை. ஏறத்தாழ 260 கிலோமீற்றர் பயணம் செய்து, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் இரண்டு மூன்று நாள் கொழும்பில் வசதியாகத் தங்கிவர விரும்பும் திருகோணமலைக் குடும்பத்துக்கு வேண்டியவையோ பின்னே சொன்ன மூன்றுமே. உப்புவெளி, நிலாவெளிக் கரையோர விடுதிகளின் வரவேற்பு மேசையில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற வகையிலும், ஓய்வுபெற்ற பின் உறவினருக்கும் அயலவருக்கும் கொழும்பில் அறை பதிவு செய்து கொடுத்து வருபவன் என்ற வகையிலும் இது குறித்துச் சற்று விரிவாக எழுத இடம் கேட்கிறேன்.

கொழும்பில் விருந்தினராகத் தங்குவது நம்மவருக்குப் புதிய பழக்கம். ஒரு தலைமுறைக்கு முன்பு கடவுச்சீட்டு எடுக்க, தூதரகத்தில் விசா நேர்முகத்துக்குச் செல்ல, வெளிநாடு போகும் பிள்ளையை வழியனுப்ப, அல்லது பெரியாஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கவே நாம் கொழும்புக்குப் போனோம். தங்கியது கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ இருந்த ஏதோ ஒரு லொட்ஜில். பொலிஸ் பதிவும் அடையாள அட்டைச் சோதனையும் அந்தத் தங்கலோடு ஒட்டியே வந்தன. 2007 ஜூன் மாதத்தில் அத்தகைய லொட்ஜ்களில் இருந்த தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டதையும், உயர் நீதிமன்றம் தலையிட்டு இடைக்காலத் தடை விதித்த பின்னரே அது நின்றதையும் நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம். அந்தக் காலத்தில் அறை மலிவா, தமிழ் பேசுவார்களா, பதிவு செய்து தருவார்களா என்பவற்றுக்கு மேல் எவரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கும் நிலையிலும் இருக்கவில்லை. இன்று நிலைமை மாறியிருக்கிறது. ஆனால் கேட்டுத் தெரிந்தெடுக்கும் பழக்கம் இன்னும் நமக்கு வரவில்லை என்பதே என் கவலை. நாலு நட்சத்திரமா, ஐந்து நட்சத்திரமா என்று மட்டும் விசாரித்துவிட்டு முற்பணத்தைக் கட்டிவிடுகிறோம்.

விடுதியின் பெயரைத் தேடத் தொடங்குமுன், கொழும்பில் நிற்கும் பகல் பொழுதுகளில் எங்கெங்கே போகப் போகிறோம் என்பதை வீட்டிலிருந்தே எழுதிவைப்பது நல்லது. அதை எழுதிய மறுகணமே எந்தப் பகுதியில் தங்குவது என்பது பெரும்பாலும் தெளிந்துவிடும். செட்டியார் தெருவில் நகை பார்த்து, அங்குள்ள கதிரேசன் கோயிலையும் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தையும் தரிசித்து, புறக்கோட்டையில் மொத்த விலைக்குச் சாமான் வாங்க எண்ணுபவர்களுக்குக் கோட்டைப் பகுதியே வசதி. பழைய டச்சு மருத்துவமனைக் கட்டடத்தின் அருகிலுள்ள ஃபெயார்வே, 1987 முதல் இயங்கும் ஹில்டன், கடலைப் பார்த்தபடி நிற்கும் கிங்ஸ்பரி ஆகியவை அங்கே இருக்கின்றன. ஆயினும் கோட்டை என்பது அலுவலகங்களின் ஊர். மாலையில் ஊழியர்கள் வீடு திரும்பியபின் வீதிகள் அடங்கிவிடும். இரவில் பிள்ளைகளோடு காலாற நடந்து கடை பார்க்கலாம் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு அது ஏமாற்றமாகவே முடியும்.

காலிமுகத்திடலைச் சுற்றியுள்ளவை விலையில் உயர்ந்தவை. 1864இல் தொடங்கப்பட்ட காலிமுக விடுதியும் தாஜ் சமுத்திராவும் 2017இல் திறக்கப்பட்ட ஷங்ரிலாவும் அந்தத் திடலைச் சூழ்ந்தே நிற்கின்றன. ஷங்ரிலாவை ஒட்டி 2019இல் வந்த வன் கோல் ஃபேஸ் அங்காடி இளம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். சற்று உள்ளே, கொம்பனித்தெருப் பக்கம், 2024 ஒக்டோபரில் திறக்கப்பட்ட சினமன் லைஃப் இருக்கிறது. கட்டடத்தின் பிரமாண்டத்தைக் காணவே போகிறோம் என்பவர்களுக்கு அது பொருந்தும்; முதியவர்களோடு போகிறவர்கள் வாசலிலிருந்து அறைவரை நடக்க வேண்டிய தூரத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

கொள்ளுப்பிட்டியிலிருந்து பம்பலப்பிட்டி வழியாக வெள்ளவத்தை வரையான காலி வீதிப் பகுதி நமக்கு ஏற்கெனவே பழகிய இடம். சேலைக் கடைகளும் சைவ உணவகங்களும் உறவினரின் தொடர்மாடி வீடுகளும் அங்கேதான். கலியாணச் சாமான் வாங்கப் போகும் குடும்பம் வேறெங்கும் தங்குவது வீண் அலைச்சல். அதற்கு மாறாக, நகரத்தின் அழகான பக்கத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று போகிறவர்களுக்கு நான் எப்போதும் கறுவாத்தோட்டத்தையும் அதன் ஓரங்களையுமே பரிந்துரைக்கிறேன். 1877இல் திறக்கப்பட்ட தேசிய நூதனசாலை, விகாரமகாதேவி பூங்கா, நெலும் பொக்குண அரங்கு ஆகியவை ஒன்றுக்கொன்று நடைதூரத்தில் உள்ளன. நிழல்மரங்கள் அடர்ந்த வீதிகளில் நடைபாதையும் சீராக இருக்கிறது. கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் பெயர் தாங்கிய வீதியில் சினமன் ரெட் விடுதியும், வோர்ட் பிளேஸில் ஜெட்விங் கொழும்பு செவன் விடுதியும் இருக்கின்றன. நடுத்தரத்துக்கு மேல், ஆடம்பரத்துக்குக் கீழ் என்று நம்மவர் தேடுவது இத்தகைய விடுதிகளையே. அங்கிருந்து தேசிய வைத்தியசாலையும் கண் வைத்தியசாலையும் அருகில். கொழும்புப் பயணத்தோடு பெரியவர்களின் வைத்தியப் பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ளும் நம் ஊர் வழக்கத்துக்கு இது பெரிய உதவி.

கொழும்பு என்று விளம்பரத்தில் போட்டுவிட்டு நகருக்கு வெளியே இருக்கும் விடுதிகள் பல உண்டு. கல்கிசை விடுதி வரலாற்றுச் சிறப்பும் கடற்கரையும் உடையது என்பதில் ஐயமில்லை; ஆயினும் அது கோட்டையிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீற்றர் தொலைவில் இருப்பதால், காலையும் மாலையும் காலி வீதி நெரிசலில் சிக்கினால் பகலின் நல்ல பகுதி வாகனத்துக்குள்ளேயே கழிந்துவிடும். அறைக் கட்டணத்தில் மிச்சப்படுத்துவது முச்சக்கர வண்டிக்கும் வாடகைக் காருக்கும் போய்ச் சேரும். எனவே விடுதியின் முகவரியைக் கைத்தொலைபேசி வரைபடத்தில் இட்டு, நீங்கள் எழுதிவைத்த இடங்களுக்கு உள்ள தூரத்தைப் பார்த்த பின்பே மற்றவற்றைப் பார்க்க வேண்டும்.

கடல் நோக்கிய அறை பற்றியும் ஒரு சொல். கொழும்பு விடுதிகள் பல, கடல் தெரியும் அறைக்குக் கூடுதல் கட்டணம் அறவிடுகின்றன. கொழும்பிலும் கண்டியிலும் வாழ்பவர்கள் அதற்குப் பணம் கொடுப்பதில் நியாயம் உண்டு. டச்சுக் குடாவையும் உட்துறைமுகத்தையும் கோணேசர் மலையடியையும் நாள்தோறும் பார்த்து வளரும் நாம் அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. நம் கரையில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது, அங்கே கடலில் மறைகிறது. அந்த வேறுபாட்டைப் பார்க்க விரும்பினால் ஒரு மாலை காலிமுகத்திடலில் இஸ்ஸோ வடை வாங்கிக்கொண்டு பிள்ளைகளோடு நின்றால் போதும், கட்டணம் கிடையாது. மேலும் கொள்ளுப்பிட்டி முதல் வெள்ளவத்தை வரை கடலுக்கும் கரையோர வீதிக்கும் இடையே புகையிரதப் பாதை ஓடுகிறது. அப்பகுதியில் கடல் நோக்கிய அறை எடுப்பவர், கடலோசையோடு புகையிரத ஓசையையும் சேர்த்தே எடுக்கிறார். நகரம் நோக்கிய உயர்மாடி அறையைக் குறைந்த விலைக்குக் கேளுங்கள். இரவில் பேரை வாவியும் தாமரைக் கோபுரமும் விளக்குகளும் தெரிவது நம் பிள்ளைகளுக்கு ஊரில் கிடைக்காத காட்சி.

அடுத்து நட்சத்திரங்கள். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை ஒன்று முதல் ஐந்து வரை வழங்கும் தரப்படுத்தல் பயனுள்ளதுதான். அறையின் வசதிகள், பணியாளர் சேவை, உணவகங்கள், பாதுகாப்பு ஏற்பாடுகள் என்று பலவற்றைப் பார்த்தே அது வழங்கப்படுகிறது. ஆனால் அழகையோ, அமைதியையோ, அமைவிடத்தையோ எந்த நட்சத்திரமும் அளப்பதில்லை. கறுவாத்தோட்டத்தில் பழைய வீடுகளைத் திருத்தி அமைத்த சிறிய விடுதிகள் பூட்டிக் என்ற தனி வகையில் பதிவாகின்றன. நட்சத்திரம் இல்லாததால் அவற்றைத் தரம் குறைந்தவை என்று நம்மவர் ஒதுக்கிவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு அறைகள் மட்டுமே கொண்ட அத்தகைய விடுதியில் முற்றத்து மரநிழலும், காற்றோட்டமும், பெயர் சொல்லி விசாரிக்கும் பணியாளரும் கிடைக்கக்கூடும். மின்தூக்கியும் பெரிய நீச்சல் தடாகமும் கிடைக்காமல் போகலாம். எது வேண்டும் என்பதைக் குடும்பம் தீர்மானிக்கட்டும்.

பகட்டை அழகென்று எண்ணி ஏமாறுவதைப் பற்றி மனம் திறந்து சொல்ல விரும்புகிறேன். பொன்முலாம் பூசிய தூண்களும் பெரிய சரவிளக்குகளும் நுழைமண்டபத்தில் இருந்தால் உயர்ந்த விடுதி என்று நம்மவர் நம்புகிறார்கள். இந்த நாட்டின் நல்ல விடுதிக் கலை அந்த வழியில் வளரவில்லை. ஜெப்ரி பாவா என்ற கட்டடக் கலைஞர் 1994இல் திறக்கப்பட்ட கண்டலம விடுதியை மலைச்சரிவோடு ஒன்றிப் போகும்படி அமைத்தார். திருகோணமலையிலிருந்து கொழும்பு செல்லும் வழியில் தம்புள்ளையில் சற்றே உள்ளே திரும்பினால் அதைக் காணலாம். மெருகிட்ட சீமெந்துத் தரை, திறந்த முற்றம், மழை பெய்வது தெரியும் தாழ்வாரம், உள்நாட்டுக் கைவினைஞரின் செதுக்கலும் நெசவும் ஆகியவை அவருடைய கட்டடங்களிலிருந்து நாட்டின் விடுதிகள் பலவற்றுக்குப் பரவின. கொழும்பில் அவர் வாழ்ந்த 33ஆம் ஒழுங்கை 11ஆம் இலக்க வீட்டை முன்கூட்டிப் பதிவு செய்து பார்வையிடலாம். அவருடைய பழைய அலுவலகம் அல்பிரட் ஹவுஸ் வீதியில் இன்று ஓர் உணவகமாக இயங்குகிறது. பிள்ளைகளைக் கூட்டிச் சென்று இவற்றைக் காட்டிய பெற்றோர், அடுத்த முறை விடுதி பார்க்கும்போது சரவிளக்கைத் தாண்டிப் பார்ப்பார்கள் என்பது என் உறுதியான நம்பிக்கை. திண்ணையும் நடுமுற்றமும் உள்ள வீடுகளில் வளர்ந்த நமக்கு இந்த அழகு அந்நியமானதே இல்லை.

நுழைமண்டபத்தில் அரை மணித்தியாலம் இருப்போம். அறையிலோ இரவு முழுவதும் இருப்போம். ஆகவே அறையைப் பற்றியே அதிகம் விசாரிக்க வேண்டும். கொழும்பின் புதிய விடுதிகள் பல வணிகப் பயணிகளை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை; அறை சிறியது, கட்டில் ஒன்று, பெட்டி வைக்க இடம் குறைவு. 20 சதுர மீற்றர் அறையில் தம்பதியர் வசதியாக இருக்கலாம். அதே அறையில் மேலதிகக் கட்டில் ஒன்றைப் போட்டு இரண்டு பிள்ளைகளையும் தங்கவைத்தால் கால்வைக்க இடமிருக்காது. மேலதிகக் கட்டில் என்று அவர்கள் சொல்வது உண்மையான கட்டிலா, மடக்குக் கட்டிலா என்பதையும் கேட்க வேண்டும். மூன்று தலைமுறையும் சேர்ந்து போகும் குடும்பத்துக்கு இடைக்கதவால் இணைந்த இரண்டு அறைகள் ஒரு பெரிய சொகுசு அறையைவிடப் பல வேளைகளில் மலிவாகவும் வசதியாகவும் அமையும். ஆனால் பதிவு செய்யும்போதே அதைக் கேட்டு எழுத்தில் உறுதி பெற வேண்டும். வந்திறங்கிய பின் கேட்டால் ஒரு அறை மூன்றாம் மாடியிலும் மற்றது பதினோராம் மாடியிலுமே கிடைக்கும்.

நாகரிகமான அறைகளில் இப்போது பரவியிருக்கும் ஒரு வழக்கம் குடும்பங்களைப் பெரிதும் சங்கடப்படுத்துகிறது. குளியலறைக்கும் படுக்கையறைக்கும் இடையே சுவருக்குப் பதிலாகக் கண்ணாடி வைக்கிறார்கள். திரை இருக்கும் விடுதிகளும் உண்டு, இல்லாதவையும் உண்டு. வளர்ந்த பிள்ளைகளோடும் மாமனார் மாமியாரோடும் ஒரே அறையில் தங்கப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே கேட்காவிட்டால் மாறி மாறி வெளித் தாழ்வாரத்தில் நிற்க நேரிடும். குளியல் தொட்டியின் விளிம்பு உயரமாக இருந்தால் முழங்கால் நோவுள்ள பெரியவர்களால் ஏற முடியாது. தொட்டி இல்லாத, தரையோடு அமைந்த குளியலிடம் உள்ள அறையைக் கேட்டுப் பெறலாம். கழிவறையில் கைத்தெளிப்பான் இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை. யன்னல் திறந்தால் வானம் தெரியுமா, பக்கத்துக் கட்டடத்தின் சுவர் தெரியுமா என்று கேட்பதிலும் அப்படித்தான். வார இறுதிகளிலும் சுபமுகூர்த்த நாள்களிலும் பெரிய விடுதிகளின் மண்டபங்களில் கலியாணங்கள் நடக்கும். மின்தூக்கிக்குக் காத்திருப்பதும் நள்ளிரவுவரை இசை கேட்பதும் வேண்டாம் என்றால் மண்டபத்திலிருந்து விலகிய மாடியில் அறை கேளுங்கள், அல்லது வார நாள்களில் போங்கள்.

கட்டணத்தைப் பற்றித்தான் நம்மவர் அதிகம் ஏமாறுகிறார்கள். விளம்பரத்தில் உள்ள தொகையின் பின்னால் இரண்டு சிறிய கூட்டல் குறிகள் இருந்தால், சேவைக் கட்டணமும் வரிகளும் அதில் சேரவில்லை என்று பொருள். சேவைக் கட்டணம் 10 வீதம். 2024 ஜனவரி முதல் வற் வரி 18 வீதம். ஓர் இரவுக்கு 30,000 ரூபாய் என்று பார்த்துப் போகும் குடும்பத்துக்கு, சேவைக் கட்டணம் சேர்ந்து 33,000, அதன் மேல் வற் வரியும் சேர்ந்து 38,940 ரூபாய் ஆகிறது. வேறு சிறிய வரிகளும் இதன் மேல் வரும். மூன்று இரவுக்குக் கணக்கிட்டால் 26,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம், அதாவது ஏறத்தாழ இன்னோர் இரவின் கட்டணம். தையல் கூலியைக் கேளாமல் துணி விலையை மட்டும் பார்த்துவிட்டு வருவது போன்றது இது. உணவகத்தின் விலைப்பட்டியலிலும் நீச்சல் தடாகத்தருகே பிள்ளைகள் கேட்கும் பழச்சாற்றிலும் இதே கூட்டல் குறிகள் உண்டு. எல்லாம் அடங்கலாக எவ்வளவு என்று ஒரே கேள்வியில் கேட்டு, அந்தத் தொகையை மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ பெற்றுக்கொள்வதே பாதுகாப்பு.

இணையப் பதிவுத் தளங்கள் டொலரில் காட்டும் விலைக்கும், இலங்கையில் வசிப்பவர்களுக்காக விடுதிகள் ரூபாயில் வைத்திருக்கும் விலைக்கும் இடையே பல வேளைகளில் பெரிய வித்தியாசம் உண்டு. தளத்தில் விலையைப் பார்த்த பின் விடுதிக்கு நேரே தொலைபேசியில் பேசி உள்நாட்டவர் கட்டணத்தையும், உங்கள் வங்கியின் கடனட்டைக்குக் கழிவு உண்டா என்பதையும் விசாரிக்க வேண்டும். தேசிய அடையாள அட்டை எல்லோரிடமும் இருக்க வேண்டும். இங்கே நம் குடும்பங்களுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வரும் உறவினரைக் கொழும்பில் சந்தித்து எல்லோரும் ஒரே விடுதியில் சில நாள் தங்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. உள்நாட்டவர் கட்டணத்தில் எடுத்த அறையில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உடையவர் தங்கினால், வரவேற்பு மேசையில் வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். அவர்கள் கேட்பது விதிப்படியே. ஆனால் விமானத்திலிருந்து களைத்து இறங்கிய சித்தப்பாவின் முன்னிலையில் அந்தப் பேச்சு எழுவது எவருக்கும் மகிழ்ச்சியைத் தராது. யார் யார் எந்தக் கடவுச்சீட்டில் வருகிறார்கள் என்பதைப் பதிவின்போதே சொல்லிவிடுங்கள். பணம் திருப்பித் தரப்படாது என்ற நிபந்தனையோடு வரும் மலிவு விலையையும் எச்சரிக்கையோடு அணுக வேண்டும். பாதை வெள்ளத்தில் மூழ்கினாலும், வீட்டில் ஒரு மரணச் செய்தி வந்தாலும் அந்தப் பணம் போனதுதான். மழைக்காலத்தில் பயணம் செய்யும் கிழக்கு மாகாணத்தவர் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தேனும் இரத்துச் செய்யக்கூடிய கட்டணத்தையே எடுப்பது நல்லது.

நாம் போய்ச் சேரும் நேரமும் நமக்கே உரிய இன்னொரு பிரச்சினை. இரவுப் புகையிரதத்திலோ இரவு பஸ்ஸிலோ ஏறும் நாம் விடியுமுன்பே கோட்டையிலோ புறக்கோட்டையிலோ இறங்குகிறோம். பெரும்பாலான விடுதிகள் பிற்பகல் 2 மணிக்கே அறை தருகின்றன. இடைப்பட்ட எட்டு ஒன்பது மணித்தியாலங்களைக் கைக்குழந்தையோடும் முதியவரோடும் எங்கே கழிப்பது? முன்கூட்டியே கேட்டால், அறை வெறுமையாக இருக்குமிடத்து, காலையிலேயே திறந்துவிடும் விடுதிகள் உண்டு. பாதி நாள் கட்டணம் கேட்பவையும் உண்டு. குறைந்தது பெட்டிகளை வைத்துவிட்டு, குளித்து உடைமாற்ற நீச்சல் தடாகத்துக்கு அருகிலுள்ள குளியலறையைப் பயன்படுத்தவும், பணம் கட்டிக் காலை உணவு அருந்தவும் அனுமதிப்பார்களா என்று கேட்க வேண்டும். நல்ல விடுதியின் தரம் இந்தக் கேள்விக்குச் சொல்லும் பதிலிலேயே தெரிந்துவிடும் என்பது வரவேற்பு மேசையின் மறுபுறத்தில் நின்றவனாக நான் அறிந்தது. இயலாது என்பதை எப்படிச் சொல்கிறார்கள், வேறு வழி ஏதும் காட்டுகிறார்களா என்பதைக் கவனியுங்கள். தொலைபேசியில் அக்கறை காட்டாத இடம் நேரில் காட்டப் போவதில்லை.

உணவைப் பொறுத்தவரை, காலை உணவு மட்டும் அடங்கிய கட்டணமே நம்மவருக்குப் போதும். இடியப்பம், சொதி, அப்பம், சம்பல் முதல் பழங்கள் வரை காலை விருந்தில் ஏராளமாக இருக்கும். மதியமும் இரவும் பம்பலப்பிட்டிக்கோ வெள்ளவத்தைக்கோ போனால் வயிறும் நிறையும், பிள்ளைகளுக்கு ஊரும் பழகும். சைவ விரதம் அனுட்டிப்பவர்கள் சமையல் பாத்திரங்கள் தனியாக வைக்கப்படுகின்றனவா என்பதையும், கிண்ணியா, மூதூர் அன்பர்கள் ஹலால் ஏற்பாட்டையும் தொழுகைத் திசை அறையில் குறிக்கப்பட்டுள்ளதா என்பதையும் நேரே கேட்டுக்கொள்ளலாம்.

நாள் தெரிவு பற்றி இரண்டே சொற்கள். டிசம்பர் 24, 31 ஆகிய இரவுகளில் தங்குவோர் விருந்துக்கும் கட்டாயம் பணம் கட்ட வேண்டும் என்று நிபந்தனை விதிக்கும் விடுதிகள் உள்ளன. தேவையில்லாதவர்கள் அந்த இரவுகளைத் தவிர்க்கலாம். சித்திரைப் புத்தாண்டு நாள்களில் கொழும்பு வெறுமையாகி விடுதி விலைகள் இறங்கக்கூடும், ஆனால் கடைகள் பல பூட்டியிருக்கும். ஓய்வுக்குப் போகிறவர்களுக்கு அது நல்ல காலம், சேலை வாங்கப் போகிறவர்களுக்கு அன்று.

இணையத்தில் பிறர் எழுதும் மதிப்புரைகளைப் படிப்பவர்கள் புள்ளிகளின் சராசரியைவிட அண்மைய மாதங்களில் எழுதப்பட்டவற்றையும், விருந்தினர் தாமே எடுத்த படங்களையும் பார்ப்பது பயன் தரும். விடுதியின் ஒரு பகுதி திருத்த வேலையில் இருக்கிறதா, குளிரூட்டி சத்தமிடுகிறதா என்பவை அங்கேதான் தெரியவரும். தமிழில் எழுதப்பட்ட மதிப்புரைகள் மிகக் குறைவு. தங்கிவந்த நம்மவர் நான்கு வரியேனும் தமிழில் எழுதினால், அடுத்துப் போகும் குடும்பத்துக்கு அது பேருதவி.

இவ்வளவையும் வாடிக்கையாளரே தோண்டித் தோண்டிக் கேட்க வேண்டியிருப்பது முறையா என்பதே நான் விடுதி நிருவாகங்களிடம் கேட்க விரும்புவது. தமிழ்ப் பத்திரிகையில் விளம்பரம் செய்து தமிழ்க் குடும்பங்களின் பணத்தை எதிர்பார்க்கும் நிறுவனங்கள், எல்லா வரிகளும் அடங்கிய தொகையை ரூபாயில், தமிழில், அதே விளம்பரத்தில் அச்சிடுவதில் என்ன இடையூறு இருக்க முடியும்? அறையின் சதுர மீற்றர் அளவு, அதிகபட்சம் எத்தனை பேர் தங்கலாம் என்பது, எத்தனை வயதுவரை பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை என்பது ஆகியவற்றுக்கு மூன்று வரிகள் போதும். இரவுப் பயணத்தில் வரும் கிழக்கு, வடக்கு விருந்தினருக்காகக் காலை 6 மணி முதல் ஓர் ஓய்வறையும் குளியலறையும் திறந்துவிடுவது பெரிய விடுதிகளுக்குப் பெருஞ்செலவாகாது. பதிவுப் பிரிவில் ஒரு நேர முறைக்கு ஒருவராவது தமிழில் பேசக்கூடியவராக இருந்தால், கேட்கத் தயங்கும் நம் மூத்தோரும் தயக்கமின்றிக் கேட்பார்கள்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. விடுமுறைக் காலச் சிறப்புப் பக்கங்களில் விளம்பரங்களோடு சேர்த்து, கோட்டை, காலிமுகத்திடல், கொள்ளுப்பிட்டி, கறுவாத்தோட்டம், வெள்ளவத்தை என்று பகுதிவாரியாக ஒரே திகதிக்கான, வரிகள் அடங்கிய அறைக் கட்டணங்களைத் தங்கள் நிருபர்கள் விசாரித்து ஒரு பட்டியலாக வெளியிட வேண்டும். வருடத்துக்கு இருமுறை, ஏப்ரல், டிசம்பர் விடுமுறைகளுக்குச் சில வாரங்கள் முன்னதாக அது வந்தால், பதிவு செய்ய அவகாசமும் இருக்கும்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
உவர்மலை, திருகோணமலை.